பதினொன்றரை மணி நேரத்துக்கு அப்பால் பெருங்காயம்

புதுப்பட்டினம்,
சனிக்கிழமை, ஐப்பசி முதல் மழை பெய்த மறுநாள்.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஜெயக்குமார் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் சடையப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், தென்னை இரண்டும், முருங்கை ஒன்றும் சுகம். அங்கே அமெரிக்காவில் தாங்களும், என் மகள் துர்காதேவியும், ஐந்து மாதப் பேத்தியும் சுகமாக இருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இரண்டு மணி பதினேழு நிமிடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆகையால் சுகம் விசாரிக்கும் பகுதியை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கைபேசி கையிலேயே இருக்க, இந்த மனிதர் எதற்காக நாலு முழுத்தாள் வாங்கிப் பேனாவால் எழுதி, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் போட்டு, அதுவும் என் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பேத்தியைத் தவிர எல்லாரும் படித்துவிடுவார்கள். தங்கள் சொந்த எண்ணுக்குப் போட்டால் துர்கா எடுத்துப் பார்ப்பாள். பார்த்த உடனே அவள் அம்மா, அதாவது உங்கள் அத்தை ஆராயி, ‘இன்னா எழுதிக்கீறாரு உங்கப்பா, படி’ என்று பக்கத்தில் வந்து குந்திக்கொள்வாள். இந்தக் கடிதம் உங்கள் அத்தை காதில் விழக் கூடாது. ஜெராக்ஸ் கடைப் பெண் பூங்கொடி கண்ணில் படும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. (பூங்கொடி, படித்தது போதும். தாளைக் கவிழ்த்துப் போடும்மா.)

போன ஞாயிறு தாங்கள் வீடியோவில் கேட்டீர்கள். “மாமா, அத்தைக்கு ஆறு மாச அனுமதி அடுத்த மாசம் முடியுது. இன்னும் ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் போட்டுடலாமா? ஃபாரம் நிரப்பி வச்சிட்டேன். அத்தை கையெழுத்துப் போட்டா திங்கட்கிழமை தபால்ல சேர்த்துடுவேன்” என்றீர்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், “தாராளமா இருக்கட்டும் மாப்பிள்ளை, எனக்கு இங்க இன்னா குறைச்சல்!” என்று சிரித்தேன். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு மாமனார் மாட்டேன் என்று சொன்ன வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. தலை தீபாவளிக்கு வந்து காரமில்லாத மீன்குழம்பு வேண்டும் என்றீர்கள். கேட்டபடியே வைத்தோம். அதற்குப் பெயர் மீன்குழம்பே இல்லை என்று நான் மூச்சு விட்டிருப்பேனா? அந்த மரியாதையில் வந்த ‘தாராளமா’ அது. மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்தத் ‘தாராளமா’வை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்ன காரணமோ ஃபாரத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்று துர்கா நேற்றுச் சொன்னாள். ஆவதற்குள் இந்தக் கடிதம் தங்களை வந்து சேர வேண்டும். என் பெண்டாட்டியை எனக்கு அனுப்பிவிடுங்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். மகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பத் தங்களுக்கு லீவு இல்லை என்றதால் தாயை மகள் வீட்டுக்கு ஏற்றுமதி செய்தோம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது, குப்புற விழுந்தாகிவிட்டது. அச்சரப்பாக்கத்தில் தங்கள் அம்மா, சம்பந்தியம்மா ஞானம்மாள், விசா குத்திய பாஸ்போர்ட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, “எம்முறை எப்ப வரும் சம்பந்தி?” என்று வாரம் தவறாமல் என்னைக் கேட்கிறார்கள். பேத்தியைப் பார்க்க அவர்களுக்கும் ஆசை இருக்காதா? ஆகவே நான் சுயநலத்தில் பேசவில்லை. சுயநலத்திலும் பேசுகிறேன்.

காரணத்தைத் தங்கள் தொழிலிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது மாமல்லபுரம் அழைத்துப்போனீர்கள். கடற்கரையில் வறுத்த வஞ்சிரம் வாங்கிக் கொடுத்து, தாங்கள் பார்க்கும் வேலை என்னவென்று பொறுமையாக விளக்கினீர்கள். கம்ப்யூட்டரின் ஞாபகச் சில்லுகளை இட்லித் தட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்கு அடுக்கி, அவற்றின் ஊடே ஓட்டை போட்டு, ஆயிரத்துக்கு மேல் கம்பி இழுத்துவிடுகிறீர்களாம். எல்லாக் கம்பியிலும் ஒரே நேரத்தில் தகவல் ஓடுமாம். “ஒரு மூச்சுல ஒரு லைப்ரரியையே கொட்டிடும் மாமா” என்றீர்கள். நான் ‘அப்படியா மாப்பிள்ளை’ என்று பதினோரு தடவை சொன்னேன். ஒன்றும் புரியவில்லை. மீன் நன்றாக இருந்தது. அப்புறம் அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு மாமா. கொட்ட ஆரம்பிச்சா வெள்ளம். கேட்டதுக்கும் முதல் சொட்டு வர்றதுக்கும் நடுவுல ஆகுற நேரம் மட்டும் குறையவே மாட்டேங்குது. அகலம் பேண்ட்விட்த், காத்திருக்கிறது லேட்டன்சி. அகலத்தை எவ்வளவு வேணா கூட்டிடலாம். காத்திருக்கிறதைக் குறைக்கிறதுதான் உசுரு போகுது.” தங்கள் முகம் அப்போது வாடிப்போனது. ஒரு கம்பிக்கு இத்தனை கவலையா என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது புரிகிறது மாப்பிள்ளை, நல்லாவே புரிகிறது.

நான் கல்பாக்கத்தில் முப்பது வருஷம் ஊழியர் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவன். தாங்கள் சில்லில் செய்வதைத்தான் நான் சாலையில் செய்தேன். ஒரு காலத்தில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து மூன்று வேன்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தெருத்தெருவாக நுழைந்து ஆளை ஏற்றும். ‘என்ன வீண் வேலை இது’ என்று மூன்றையும் நிறுத்தி ஒரே பெரிய பஸ்ஸாக ஆக்கினேன். ஏரிக்கரை நிறுத்தத்தில் எல்லாரும் வந்து நிற்க வேண்டும், ஒரே ஏற்று, அறுபது பேர். அதிகாரி கைகுலுக்கினார். ஆனால் அது வரைக்கும் வாசலிலேயே வேன் ஏறிக்கொண்டிருந்த ஒரு டைப்பிஸ்ட் அம்மாள் மட்டும் என் மேஜை முன்னால் வந்து நின்று, “முக்கா மணி நேரம் ரோட்ல நிக்க வெச்சிட்ட இல்ல? நீயும் ஒரு நாளு நின்னு பாரு சார், அப்ப தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபது பேர் போகிறார்களே, ஒரு ஆள் நின்றால் என்ன என்று நான் சிரித்தேன். அந்த அம்மாள் வாய் பலித்துவிட்டது. மே மாதத்திலிருந்து நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பஸ் வருகிறது மாப்பிள்ளை, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் வீடியோ. பேத்தியின் பதினைந்து கவுன்களையும் துர்கா ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுகிறாள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் விளக்குப் போட்டுக் காட்டுகிறாள். அது முடிந்ததும் நானூறு போட்டோ வந்து இறங்குகிறது. என் போன், இடமில்லை, இடமில்லை என்று திங்கட்கிழமை வரை அழுகிறது. இத்தனைக்கும் நடுவே உங்கள் அத்தை எங்கே? அவள் போனைப் பிடித்தால் நெற்றியும் கூரையும்தான் தெரியும். அந்த நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டு, அறையில் அத்தனை பேர் இருக்கும்போது, நான் என்ன பேச முடியும்? “சாப்ட்டியா?” என்கிறேன். “ஆச்சி” என்கிறாள். பஸ் போய்விடுகிறது.

எனக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் இல்லை மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒரே ஒரு சொல் வேண்டும். அடுப்பில் ரசம் கொதிக்கிறது, பெருங்காயம் எங்கே? “பெருங்காயம் எங்க கீது?” என்று மெசேஜ் போடுகிறேன். அங்கே அப்போது இரவு பதினொன்றரை. அவள் பேத்தியைத் தட்டித் தட்டி, தானும் தூங்கியிருப்பாள். பதில் வரும்போது இங்கே சாயங்காலம் ஆறரை. “கடுகு டப்பாக்குப் பின்னால.” நல்ல பதில்தான், சரியான பதில்தான். ரசம் வைத்து, வாசனை இல்லாமல் குடித்து, பாத்திரமும் கழுவியாகிவிட்டது. ‘சாயங்காலமாகக் கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாதா அப்பா’ என்கிறாள் துர்கா. நாளைக்குப் பதினோரு மணிக்கு எதைத் தேடப்போகிறேன் என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் சடையப்பனாக இருக்கிறேன்?

பிறகு துர்காவே ஒரு யோசனை சொன்னாள். “ஒவ்வொண்ணா கேக்காதப்பா. எல்லாத்தையும் சேத்து ஒரே மெசேஜா போடு. அம்மா காலைல ஒரே மூச்சுல சொல்லிடும்.” பழைய பஸ் மூளை அல்லவா, எனக்கு அது பிடித்துப்போனது. மூன்று கேள்விகளைச் சேர்த்து ஏற்றி அனுப்பினேன்: எலுமிச்சை ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு, மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் எவ்வளவு, ஏசுபாதத்தின் மூட்டுவலித் தைலம் எவ்வளவு. ஏசுபாதத்தைத் தங்களுக்குத் தெரியும்; நாலாம் நம்பர் பஸ் டிரைவர், இப்போது என்னை மாதிரி ரிட்டயர்ட். சாயங்காலம் குரல் மெசேஜ் வந்தது. “ஒரு சொம்பு போதும், அதுக்கு மேல வாணாம். ரெண்டு சொட்டு வுடு, சூடு பறக்க தேய்க்கணும். மூணு கைப்பிடி.” அவ்வளவுதான். பின்னால் பேத்தி அழ ஆரம்பித்து மெசேஜ் முடிந்தது. கேள்வி ஏறிய வரிசையில்தானே பதிலும் இறங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊறுகாய்க்கு ஒரு சொம்பு உப்பைக் கொட்டினேன். மல்லிகைக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, தேய்ப்பது எங்கே என்று தெரியாததால் தண்டைத் தேய்த்தேன். ஏசுபாதத்தை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று கைப்பிடித் தைலம் பூசினேன். உங்கள் அத்தை தன் மனசுக்கு எது முக்கியமோ அந்த வரிசையில் சொல்லியிருக்கிறாள். மல்லிகை முதலில், ஏசுபாதம் அடுத்து, நான் சாப்பிடும் ஊறுகாய் கடைசி. அந்த ஊறுகாயைச் செய்யூர் உப்பளத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். மல்லிகை செத்துப் பிழைத்தது. ஏசுபாதம் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு வாரம் வழுக்கிக்கொண்டே போனார்.

அவர் அதற்காகக் கோபிக்கவில்லை. வேறு விஷயத்துக்குத்தான் கோபிக்கிறார். “இன்னா அண்ணாத்த, பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா ஆம்பள ஜாலியா சுத்துவான். நீ இன்னாடான்னா போனையே மொறச்சிப் பாத்துகினு குந்திகினு கீற. பேஜாரா கீதுப்பா உன்னோட” என்கிறார். “உனக்குத் தெரியாதுய்யா” என்றேன். “இன்னா தெரியாது? நான் ஓட்டுன பஸ்ல எத்தினி வாட்டி பாத்துக்கீறேன், உன் வூட்டம்மா சைக்கிள்ல தொரத்திகினு வர்றத!” என்றார்.

அதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஊருக்கெல்லாம் நேரம் குறிப்பவன் நான். தினமும் எதையாவது மறந்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். பேனா, சாவி, சாப்பாட்டு டப்பா. உங்கள் அத்தை அதற்காகவே சைக்கிள் கற்றுக்கொண்டாள். பஸ் வளைவு திரும்புவதற்குள் குறுக்கு வழியில் வந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “இந்தா” என்பாள். நான் மறந்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். அறுபது பேரை ஏற்றிச் செல்லும் பஸ் என்னுடையது. ஒரு பேனாவைக் கொண்டுவர அந்தச் சைக்கிளால்தான் முடிந்தது. தாங்களே சொன்னீர்கள், கம்ப்யூட்டருக்குள்ளேயும் மூளைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சின்ன ஞாபகம் வைப்பார்கள், அதிகம் கொள்ளாது, ஆனால் கேட்ட கணம் தரும், சில சமயம் கேட்கப்போவதை ஊகித்து முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் என்று. அப்போதே தங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை, அது எங்கள் வீட்டில் இருக்கிறது, புடவை கட்டிக்கொண்டு இருக்கிறது.

முப்பத்திமூன்று வருஷம் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டதே இல்லை. தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை. “ஆராயி, துண்டு...” என்றால் துண்டு தோளில் விழும். இப்போதும் குளித்துவிட்டு வாய் தவறிக் கேட்டுவிடுகிறேன். கேட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஈரத்தோடு நிற்கிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நிற்கிறேன். சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை. சிரித்தாலும் பரவாயில்லை, அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

என் பங்குக்கு நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. மே மாதத்தில் முதல்முறையாக நானே சோற்றுக்கு அரிசி அளந்தபோது படிக்குள் ஏதோ மினுங்கியது. எடுத்துப் பார்த்தால் உங்கள் அத்தையின் பழைய மூக்குக்கண்ணாடி! இரண்டு வருஷமாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிய கண்ணாடி. அரிசித் தூசு படிகிறது என்று கழற்றி டப்பாவிலேயே வைப்பாள், பிறகு புது அரிசியை மேலே கொட்டிவிடுவாள். ஊரில் உள்ள எல்லாப் பொருளும் இருக்கும் இடம் தெரிந்தவளுக்குத் தன் கண்ணாடி இருக்கும் இடம் மட்டும் தெரியவில்லை. அதைத் துடைத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நேரில் வந்ததும் “இந்தா” என்று நீட்டிப் பெருமையடித்துக்கொள்ள ஆசை.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். போன ஞாயிறு நான் ‘தாராளமா’ என்றபோது உங்கள் அத்தைதான் போனைப் பிடித்திருந்தாள். நெற்றி மட்டும் தெரிந்தது. அப்புறம் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். தங்கள் வீட்டில் பால் பொங்கும்படியான அடுப்பே இல்லையே மாப்பிள்ளை, பொங்கினால் தானே அணையும் பட்டன் அடுப்புதானே? அந்த நெற்றிக்கு என்ன அர்த்தம் என்று ஆறு நாளாக யோசிக்கிறேன். அங்கே பாத்திரம் தேய்க்க வேண்டாம். கொசு இல்லை. சாயங்காலம் ஆற்றோரம் தள்ளுவண்டியில் பேத்தியைத் தள்ளிக்கொண்டு போகிறாளாம். இங்கே வந்தால் மறுபடி ‘துண்டு எங்கே, சாவி எங்கே’ என்று கேட்கும் கிழவன் ஒருத்தன். இருந்துவிடுகிறேன் என்று அவளுக்கே தோன்றியிருக்குமோ? கேட்கலாம் என்றால் பயமாக இருக்கிறது. கேட்டு, பதில் வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது?

ஆகவே மாமனார் என்ற முறையில் இல்லாமல், வேலை தெரிந்த ஒருவருக்கு மாட்டிக்கொண்ட ஒருவன் எழுதுவதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தை இன்னும் கூட்ட வேண்டாம். வீடியோவை மூன்று மணி நேரமாக்குகிறேன், பெரிய போன் வாங்கி அனுப்புகிறேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். தூரத்தைக் குறையுங்கள். ஃபாரத்தைக் கிழித்துப்போட்டு, எடுத்துவைத்த டிக்கெட்டில் கார்த்திகை மாதம் அவளை ஏற்றிவிடுங்கள். நானும் ஏசுபாதமும் மீனம்பாக்கத்தில் முந்தின நாளே வந்து நிற்கிறோம். காரணம் கேட்டால், சம்பந்தியம்மா வர ஆசைப்படுகிறார்கள் என்று சொல்லுங்கள். மாமா கெஞ்சினார் என்று மட்டும் வேண்டாம். இனிமேல் நான் கேட்பதற்குப் பதில் கேட்ட கணமே வர வேண்டும். தாமதம் என்பது உலகத்தில் எதற்குமே நல்லதில்லை என்று முப்பது வருஷ டைம் கீப்பர் அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்.

மகள் துர்காதேவிக்கு என் ஆசி. பேத்திக்கு நெற்றியில் ஒன்று, இரண்டு கன்னத்தில் இரண்டு, மொத்தம் மூன்று முத்தம். தாங்கள் இழுக்கும் கம்பியெல்லாம் சீக்கிரம் பதில் சொல்லட்டும் என்று செங்கழுநீர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் அத்தைக்கு ஒன்றும் இல்லை. இருக்கிறது, எழுத வரவில்லை.

தங்கள் அன்புள்ள மாமனார்,
மு. சடையப்பன்

பின்குறிப்பு: இதை ஜெராக்ஸ் கடை மேஜையில் பூங்கொடியின் பேனாவால் எழுதுகிறேன். வந்து தாளை நீட்டியதும் கரண்ட் போய்விட்டது. காத்திருந்தபோது குடும்ப குரூப்பில் உங்கள் அத்தை குரல் வந்தது. “இன்னாய்யா, எங்கண்ணாடி எங்க வச்சேன்னு உனக்கு எதுனா தெரியுமா? நாலு நாளா தேடிகினு கீறோம். மாப்பிள்ள சோபாவையே தூக்கிப் பாத்துட்டாரு.” மாப்பிள்ளை, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. முப்பத்திமூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் என்னை ‘எங்கே’ என்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரிகிறது! பத்தே நொடியில் போட்டேன்: “அரிசி டப்பாவுல பாரு. அடியில.” இரண்டு நிமிடத்தில் தாங்கள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் போட்டோ வந்துவிட்டது, அதில் இரண்டு அரிசிகூட ஒட்டியிருந்தது. ‘மாமா சூப்பர்’ என்று போட்டிருந்தீர்கள். நான் பூங்கொடியிடம் காட்டினேன். ரோட்டில் போன ஏசுபாதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்து எனக்கு மட்டும் ஒரு குரல் மெசேஜ் வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அடித்தொண்டையில் பேசுகிறாள். “அட அறிவு கெட்ட மனுசா! இத்தினி வருசத்துல ஒரு நாளாவது ஒரு பொருளு எங்க கீதுன்னு உனக்குத் தெரிஞ்சிக்கீதா? இன்னிக்குத்தான் தெரியணுமா? கண்ணாடிய நான்தான்யா அரிசில பொதைச்சி வச்சேன். ஃபாரத்துல கையெழுத்துன்னு அவரு வந்தா, கண்ணாடி இல்ல மாப்பிள்ள, கோடு தெரியலன்னு சொல்லி ஓட்டிகினு கீறேன். மாப்பிள்ள மொகத்தப் பாத்து மாட்டேன்னு எப்படி சொல்றது? உனக்கு எங்க தெரியப்போவுதுன்னு நம்பித்தான் அல்லாரு முன்னாலயும் உன்ன கேட்டேன், பாவி. நாளைக்கி பதில் சொன்னா கொறஞ்சா போயிடுவ? அன்னிக்கு தாராளமான்னு சொன்னியே, எனக்கு எப்படி இருந்திச்சி தெரியுமா? வாணாம்னு ஒரு வார்த்த உன் வாயில வராதான்னு பாத்துகினு இருந்தேன்யா. பொட்டி கட்டி கட்டிலுக்குக் கீழ வச்சிகினு கீறேன்.”

நாலு தடவை கேட்டேன். பூங்கொடி இரண்டு தடவை கேட்டாள். கரண்ட் வந்துவிட்டது, பூங்கொடி மற்ற தாள்களை ஸ்கேன் போடுகிறாள்.

மாப்பிள்ளை, மேலே நாலு பக்கமும் நான் எழுதிய வாதம் எதுவும் செல்லாது. தாமதத்தைப் பற்றி நான் கடைசியில் சொன்னது ரொம்பவும் தப்பு. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். உங்கள் அத்தை குளியலறையிலிருந்து வெளியே வருவதற்குள், அந்தக் கண்ணாடியை அரிசிக்குள்ளேயே புதைத்து வைத்துவிடுங்கள். நல்ல ஆழமாக. அவள் மறுபடியும் எங்கே என்று கேட்டால், எனக்குத் தெரியாது.